பழைய கேஸ் கட்டிங் மெஷினைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறிப் பலமனேர் வந்தால், பெங்களூரு போகிற சாலையோரம் வெல்டிங் பட்டறைகள் கண்ணில் படும். டிராக்டர் டிரெய்லர், சேற்றுழவுக்கான கேஜ் வீல், கரும்பு கிரஷரின் பக்கத் தகடு, ஷெட் தூண்களுக்கான பேஸ் பிளேட் என்று வேலைக்குக் குறைவில்லை. கனமான பிளேட்டை எல்லாம் கை டார்ச்சால் வெட்டி, கிரைண்டரால் தேய்த்துத்தான் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரே மாதிரி இருநூறு பேஸ் பிளேட் வேண்டுமென்று யாராவது கேட்டால், அந்த ஆர்டர் ஓசூருக்கோ பெங்களூரு பீன்யாவுக்கோ போய்விடுகிறது. அந்த வேலையை இங்கேயே செய்ய முடியும். பெரிய ஊர்ப் பட்டறைகள் ஓரங்கட்டிய பழைய கேஸ் கட்டிங் மெஷின் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கண்ட்ரோலரை வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு மெஷின் தேடுவது தலைகீழான வழி. கம்ப்யூட்டர் எந்தத் தண்டவாளத்தையும் நேராக்காது. தேய்ந்த ரேக்கையும் கோணிய பீமையும் வைத்துக்கொண்டு எவ்வளவு விலை உயர்ந்த கண்ட்ரோலர் போட்டாலும், அது அந்தக் கோணலைத் துல்லியமாகத் திரும்பத் திரும்ப வெட்டித் தரும். முக்கால் வேலை இரும்பில்தான் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழைய சந்தையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, சின்னத் தண்டவாளத்தில் ஓடும் பக் கட்டர். நேர்க்கோட்டுக்கு அதுவே போதும், அதை மாற்றுவதில் பயன் இல்லை. இரண்டாவது, காந்த உருளை ஒன்று இரும்பு டெம்ப்ளேட்டின் விளிம்பை ஒட்டி உருள, மடக்குக் கை வழியாக டார்ச் அதே வடிவத்தை வெட்டும் மெஷின். அதில் நீள அகலத்துக்குத் தனித்தனி அச்சே கிடையாது. மாற்றப் போனால் புதிதாகவே ஒன்றைச் செய்ய வேண்டிவரும். நமக்கு வேண்டியது மூன்றாவது வகை, ‘போட்டோ ஐ’ மெஷின். ஈசாப், மெஸ்ஸர், கொய்கே, தனாகா போன்ற கம்பெனிகள் இவற்றைச் செய்து உலகெங்கும் விற்றன.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எதைக் கழற்ற வேண்டும், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தானே விளங்கும். பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் தாளில், வெட்ட வேண்டிய பாகம் முழு அளவில் கறுப்பு மையால் வரையப்பட்டிருக்கும். ஒரு சின்ன விளக்கு அந்தக் கோட்டின்மேல் ஒளி பாய்ச்ச, திரும்பி வரும் ஒளியைப் போட்டோசெல் படிக்கும். கோடு இடப்பக்கம் விலகினால், விளக்கும் போட்டோசெல்லும் உள்ள தலை இடப்பக்கம் திரும்பும். தலை எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசையை நீளத்துக்கு ஒரு பங்கு, அகலத்துக்கு ஒரு பங்கு என்று மின்னணுச் சுற்று பிரித்து இரண்டு டிசி மோட்டார்களுக்கு அனுப்பும். மறுமுனையில் டார்ச் அதே பாதையில் போகும். அருமையான யோசனைதான். ஆனால் ஒரு மீட்டர் பாகத்துக்கு ஒரு மீட்டர் தாள் வேண்டும். மழைக்காலத்தில் தாள் ஊதினால் பாகமும் ஊதும். கூர்முனையில் கண் தடுமாறி மூலையை உருட்டிவிடும். 1952-இலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்களால் ஓடும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டிவிட்டது. ஆனாலும் கண்ட்ரோலரின் விலை இறங்கும்வரை கேஸ் கட்டிங் தொழில் பல பத்தாண்டுகள் இந்தத் தாளையும் கண்ணையுமே நம்பியிருந்தது.

ஆக, நாம் மாற்றப்போவது அந்தக் கண்ணையும் அதன் சுற்றையும் மோட்டார்களையும் மட்டும். பீம், தண்டவாளம், ரேக், டார்ச் வண்டி, கேஸ் குழாய் அமைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். மெஷினைப் பார்க்கப் போகும்போது பேனலைத் திறந்து பார்த்து நேரம் கழிக்க வேண்டாம், அது எப்படியும் குப்பைக்குப் போகிறது. தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பள்ளம் தட்டுகிறதா என்று பாருங்கள். ரேக்கின் நடுப்பகுதிப் பல்லையும் ஓரத்துப் பல்லையும் ஒப்பிடுங்கள். நடுவில்தான் ஓட்டம் அதிகம், தேய்மானமும் அங்கேதான் இருக்கும். பீமின் ஒரு முனையைக் கையால் தள்ளி, மறுமுனை எவ்வளவு தாமதித்து வருகிறது என்று கவனியுங்கள். இந்த மூன்றிலும் தேறினால் வாங்கலாம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள். ரப்பர் ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்: ஆக்சிஜனுக்கு நீலம், எரிவாயுவுக்குச் சிவப்பு. இங்கே ஓர் எச்சரிக்கை. தண்டவாளத்தைச் சுத்தம் செய்கிற கையில் எண்ணெயும் கிரீஸும் இருக்கும். அந்தக் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரையோ வால்வையோ தொடக்கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீப்பொறி இல்லாமலே தீப்பிடிக்கும். கேஸ் பாகங்களை வேறொரு மேசையில், வேறொரு ஆள் கையாளுவது நல்லது.

அடுத்தது தண்டவாளம். இதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். முதலில் அடித்தளம்: கான்கிரீட் தரையில் நங்கூர போல்ட் போட்டு, தண்டவாளத்தின் கீழ் ஷிம் வைக்க இடம் விட வேண்டும். ஒரு பக்கத் தண்டவாளத்தை மூலமாக எடுத்துக்கொண்டு, அதன் ஓரமாகப் பியானோ கம்பியை இறுக்கிக் கட்டி, முழு நீளத்துக்கும் கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து நேராக்குங்கள். மட்டத்துக்கு ரசமட்டம் போதாது. ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் டியூப் லெவல் நீண்ட தூரத்துக்கு நம்பகமானது. இரண்டாவது தண்டவாளத்தை முதலாவதற்கு இணையாக, பீமையே அளவுகோலாகக் கொண்டு நிறுத்த வேண்டும். முழு ஓட்டத்திலும் அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தால் கேஸ் கட்டிங்குக்குத் தாராளம்.

பிறகு பீம் தண்டவாளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலைமட்டம் இதற்குச் சின்னது. கொத்தனார்கள் பயன்படுத்தும் 3-4-5 கணக்குத்தான் சரி. தண்டவாளத்தில் 1500 மி.மீ., பீமில் 2000 மி.மீ. குறித்தால் குறுக்களவு 2500 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் பீமின் ஒரு முனைச் சக்கரத்தொகுதியைத் தளர்த்தி நகர்த்தி இறுக்குங்கள். சக்கர பேரிங்குகளை மாற்றி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தைத் துடைத்தபடி போகும் பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். கசடுத்துகள் ஒன்று சக்கரத்தின் கீழ் போனால், டார்ச் துள்ளிய இடம் வெட்டுமுகத்தில் கோடாகப் பதியும்.

இப்போது மோட்டார். சாதாரணக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். ரேக் 1.5 மாட்யூல், பினியனுக்கு 20 பல் என்றால், பினியன் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 94.25 மி.மீ. நகரும். மோட்டாரை நேராகப் பினியனில் மாட்டினால், நிமிடத்துக்கு 400 மி.மீ. வேகத்தில் வெட்டும்போது அது நிமிடத்துக்கு நாலு சுற்றுக்குச் சற்று மேல்தான் சுற்றும். அந்த வேகத்தில் ஸ்டெப்பர் மோட்டார் வழுக்கி ஓடாது, தட்டித் தட்டி நகரும். அந்தத் தட்டல் அப்படியே வெட்டுமுகத்தில் வரிவரியாகத் தெரியும். நடுவில் 5-க்கு 1 கியர்பாக்ஸ் வைத்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 18.85 மி.மீ. நகர்வு. டிரைவை ஒரு சுற்றுக்கு 1600 ஸ்டெப் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 84.88 ஸ்டெப் கிடைக்கும். காலியாக ஓடும்போது நிமிடத்துக்கு 6 மீட்டர் போக வேண்டுமென்றாலும் மோட்டார் 318 சுற்றுத்தான் சுற்றும். இரண்டு பக்கமும் வசதியான இடம்.

நீமா 34 அளவில், என்கோடர் உள்ள குளோஸ்டு லூப் ஸ்டெப்பரை வாங்குங்கள். சாதாரண ஸ்டெப்பர் எங்காவது தடுக்கி ஸ்டெப் தவறினால் யாருக்கும் சொல்லாது. மீதிப் பிளேட்டை முழுக்கத் தவறான இடத்தில் வெட்டி முடித்த பிறகுதான் தெரியும். குளோஸ்டு லூப் அலாரம் அடித்து நின்றுவிடும். பீம் அகலமாக இருந்தால் இரு பக்கமும் ஒவ்வொரு மோட்டார் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மறுபக்கம் இழுபட்டு வரும், சதுரம் சாய்சதுரமாகும். ஒவ்வொரு பினியனையும் கீல் வைத்த தகட்டில் மாட்டி, ஸ்பிரிங்கால் ரேக்கோடு அழுத்திவிட்டால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டம் மறைந்துவிடும். கியரும் பினியனும் கோயம்புத்தூரில் செய்துவாங்கலாம். டிரைவ், கேபிள், ரிலே போன்றவை பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ தேடினால் கிடைக்கும்.

டார்ச்சை மேலும் கீழும் நகர்த்த முன்பு கைச்சக்கரம் இருந்திருக்கும். அதில் 24 வோல்ட் கியர் மோட்டாரும் இரு முனையிலும் லிமிட் சுவிட்சும் போதும். பிளேட் சூட்டில் வளைந்து எழும்பும்போது உயரத்தைத் தானாகச் சரிசெய்ய, டார்ச் முனையைச் சுற்றி வளையம் மாட்டும் கெப்பாசிட்டிவ் சென்சார் உண்டு. முதல் வருடம் அது இல்லாமலே சமாளிக்கலாம்; ஆபரேட்டர் பக்கத்திலேயே நிற்கத்தான் போகிறார்.

கேஸ் பக்கத்தில் மூன்று சொலினாய்டு வால்வு வேண்டும்: எரிவாயுவுக்கு ஒன்று, சூடாக்கும் ஆக்சிஜனுக்கு ஒன்று, வெட்டும் ஆக்சிஜனுக்கு ஒன்று. மூன்றும் கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். ஆக்சிஜனுக்கென்றே செய்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி விற்கும் வால்வைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் வால்வு மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். ரெகுலேட்டர் பக்கமும் டார்ச் பக்கமும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் கட்டாயம். கை எட்டும் இடத்தில் கையால் மூடும் வால்வும் இருக்கட்டும்.

அசிட்டிலீனா, எல்பிஜியா? அசிட்டிலீன் சுடர் சூடு அதிகம், துளை சீக்கிரம் விழும். ஆனால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் இழுக்கக்கூடாது, அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தாண்டக்கூடாது. கம்ப்யூட்டர் மெஷின் இடைவிடாமல் வெட்டும். அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் சிலிண்டர்களை இணைத்துக் கட்ட வேண்டிவரும். அதனால் இங்குள்ள பட்டறைகளுக்கு வணிக எல்பிஜியையே சொல்வேன். ஒன்றை மறக்க வேண்டாம்: எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் மெஷினுக்குக் கீழே கசடு விழும் குழியில்தான் போய்த் தேங்கும். காலையில் பற்றவைக்கும் முன் ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது அன்றாட வேலையாக வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கண்ட்ரோலர். இரண்டு வழி உண்டு. ஃபிளேம் கட்டிங்குக்கென்றே திரையும் பட்டன்களும் சேர்த்து விற்கும் தனிப்பெட்டி ஒன்று. சூடாக்கும் நேரம், துளையிடும் நேரம், வால்வு வரிசை எல்லாம் அதிலேயே இருக்கும். பென்டிரைவில் ஃபைலைப் போட்டால் வேலை ஆரம்பம். மற்றொன்று, கம்ப்யூட்டரில் இலவசமாக நிறுவும் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிப் பொதுவில் விட்ட மென்பொருளிலிருந்து வளர்ந்தது அது. எந்த மெஷினுக்கும் வளைந்துகொடுக்கும், ஆனால் நோண்டத் தெரிந்த ஒருவர் பட்டறையிலேயே இருக்க வேண்டும். பலமனேர் போன்ற ஊரில், இரவு எட்டு மணிக்கு மெஷின் நின்றால் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு விடை தெரியாதவர்கள் தனிப்பெட்டியையே வாங்குங்கள். கரண்ட் போய் வந்தால் நின்ற இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வயரிங்கில் சிக்கனம் வேண்டாம். மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் வேறு வேறு பாதையில் போகட்டும். சிக்னலுக்கு வலைக்கவசம் போட்ட கேபிள், கவசத்தைப் பேனல் முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும். மெஷினுக்கென்று தனி எர்த் குழி தோண்டுங்கள். பக்கத்திலேயே வெல்டிங் செட் ஓடும், அதன் ரிட்டர்ன் கேபிளை மெஷின் படுக்கையில் மாட்டும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். எமர்ஜென்சி சுவிட்ச் கண்ட்ரோலர் வழியாகப் போகாமல், மோட்டார் சப்ளையையும் கேஸ் வால்வுகளையும் நேராகத் துண்டிக்க வேண்டும்.

கேஸைத் திறப்பதற்கு முன் பேனா. டார்ச் ஹோல்டரில் ஒரு மார்க்கரைக் கட்டி, சுத்தமான பிளேட்டின்மேல் 1000 மி.மீ. கோடு போடச் சொல்லுங்கள். அளந்தால் 998.5 வருகிறதா? 84.88-ஐ 1000-ஆல் பெருக்கி 998.5-ஆல் வகுத்தால் 85.01, அதுதான் புதிய எண். இரண்டு அச்சுக்கும் இதைச் செய்துவிட்டு, 1000 மி.மீ. சதுரம் போட்டு இரண்டு குறுக்களவையும் பாருங்கள். இரண்டும் 1414.2 இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பீம் இன்னும் செங்குத்தாகவில்லை. மென்பொருளில் அதை மறைக்க வழி இருக்கிறது. போக வேண்டாம், திரும்ப ஸ்பேனரை எடுங்கள். பிறகு ஒரு வட்டம். வட்டத்தின் மேல், கீழ், இட, வல முனைகளில் சிறு தட்டை தெரிந்தால் பினியன் ஆட்டம் போகவில்லை என்று அர்த்தம்.

இனி தீ. இரும்பு உருகி வெட்டுப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. சுமார் 900 டிகிரிக்குச் சூடான மைல்டு ஸ்டீல்மேல் சுத்த ஆக்சிஜன் பாய்ந்தால் அது எரிந்து ஆக்சைடாகி, உருகிய கசடாக அடியில் கொட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ஆக்சைடு அப்படி உருகி ஓடாது, அதனால்தான் அது இந்த மெஷினுக்கு ஆகாது. ஆக்சிஜன் 99.5 சதவீதச் சுத்தம் இருக்க வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் வேகம் பலமாக அடிவாங்கும்.

12 மி.மீ. பிளேட்டில் ஈடு எதுவும் கொடுக்காமல் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டுங்கள். கையில் வரும் துண்டு 98.4 மி.மீ. என்றால் வெட்டு அகலம் 1.6. அதில் பாதி, 0.8 மி.மீ.-ஐ ஈடாகக் கண்ட்ரோலரில் கொடுத்தால் அடுத்த துண்டு நூறுக்கு வரும். துளையிடும் இடம் எப்போதும் கழிவுப்பக்கம் இருக்கட்டும்: வெளி விளிம்புக்கு வெளியே, ஓட்டைக்கு உள்ளே. உள் ஓட்டைகளை முதலில், வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள். முதலில் வெளியே வெட்டிவிட்டால் துண்டு நகர்ந்து ஓட்டை இடம் மாறும். பிளேட்டின் தடிமனைவிடச் சின்ன விட்டத்தில் ஓட்டை கேட்டால் டிரில்லிங் மெஷினைக் காட்டுங்கள்.

வேகத்தைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் பழைய ஆபரேட்டரின் அருமை தெரியும். மெஷின் முதல்முறை 12 மி.மீ. பிளேட்டில் ஓடும்போது பக்கத்தில் நிற்கும் பையன் பொறியைப் பார்த்துப் பயந்து, “அண்ணே, ஸ்பீடக் கொறைக்கட்டா?” என்பான். கை டார்ச்சில் பல வருடம் பழகியவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “வேணாம்டா, பொறி நேரா கீழ விழுது பாரு, அப்படியே விடு” என்பார். சத்தமும் அவருக்குச் சொல்லும். சரியான வேகத்தில் கெட்டித் துணியைச் சீராகக் கிழிப்பது போன்ற ஓசை வரும், விட்டுவிட்டு வெடித்தால் எங்கோ தவறு. ஆறிய பிறகு வெட்டுமுகத்தைப் படிக்க வேண்டும். மெல்லிய கோடுகள் ஏறக்குறைய நேராக இறங்கினால் வேகம் சரி. அடிப்பக்கம் பின்னோக்கி வளைந்தால் வேகம் அதிகம். மேல் விளிம்பு உருகி உருண்டிருந்தால் வேகம் குறைவு அல்லது சூடாக்கும் சுடர் பெரிது. அடியில் கசடு ஒட்டிக்கொண்டு உளியால் அடித்தாலும் விழாவிட்டால் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

10 மி.மீ.-க்கு நிமிடத்துக்கு 500 மி.மீ. அளவில், 25 மி.மீ.-க்கு 350 அளவில், 50 மி.மீ.-க்கு 250 அளவில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைக்கலாம். நாசில் தயாரித்தவரின் அட்டவணையில் அழுத்தமும் இருக்கும். ஆனால் உங்கள் கேஸுக்கும் உங்கள் நாசிலுக்கும் ஒத்துவந்த எண்களை, அந்த ஆபரேட்டரையே உட்காரவைத்து, தடிமன் வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள்: நாசில் எண், இரண்டு அழுத்தம், சூடாக்கும் விநாடி, வேகம், வெட்டு அகலம். பிறகு அவற்றைக் கண்ட்ரோலரில் ஏற்றுங்கள். அவர் காதும் கண்ணும் கற்ற வித்தை மெஷினுக்குள் போகும் வழி அது ஒன்றுதான். கூலியும் அதற்கேற்பக் கொடுங்கள்.

வரைபடம் போடுவது எளிது. லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து, கண்ட்ரோலரோடு வரும் மென்பொருளில் பிளேட்டுக்குள் துண்டுகளை நெருக்கி அடுக்கி ஜி-கோட் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் டிப்ளமோ படித்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

யார் இதைச் செய்யலாம் என்று கேட்டால் என் பதில் இது. 10 மி.மீ.-க்கு மேற்பட்ட மைல்டு ஸ்டீல் உங்கள் வேலையில் பாதியாவது இருந்தால், நல்ல தண்டவாளமுள்ள பழைய மெஷின் கிடைத்தால், தயங்காமல் இறங்குங்கள். 3 மி.மீ., 5 மி.மீ. ஷீட்தான் அதிகம் என்றால் இந்த மெஷின் அதைச் சூட்டில் அப்பளமாக்கிவிடும். அந்த வேலையை லேசருக்கு அனுப்புங்கள், அல்லது பின்னால் பிளாஸ்மா சேர்க்கத் திட்டமிட்டு, அதன் ஸ்டார்ட்டிங் மின்னிரைச்சலைத் தாங்கும் கண்ட்ரோலராக இப்போதே வாங்குங்கள். எந்த வழியில் போனாலும், வேலை முடிந்த அன்று வயரிங் படத்தையும் கண்ட்ரோலரில் கொடுத்த எண்கள் அனைத்தையும் தாளில் அச்செடுத்துப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டி, இன்னொரு பிரதியை வீட்டில் வையுங்கள்.